கரடிக்கும் கண்ணில் கட்டு!

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆபரேஷன் ஆகாயத்தில் நடக்காது. ‘விமானத்துக்குள் ஆபரேஷன் தியேட்டர்’ என்றதுமே மனசுக்குள் ஒரு காட்சி ஓடும்: முப்பதாயிரம் அடி உயரம், மேகத்தில் குலுங்கும் விமானம், கையில் கத்தியோடு தடுமாறும் டாக்டர். அதையெல்லாம் சினிமாக்காரர்களுக்கு விட்டுவிடுவோம். இந்த விமானம் தரையிறங்கி, ஓரமாக ஒதுங்கி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஆகும். அதனால் என்ன, நின்றால் விமானம் இல்லை என்று ஆகிவிடுமா? முன்னால் காக்பிட், நடுவில் ஆபரேஷன் தியேட்டர், வால் பக்கம் டிரஸ் மாற்றும் அறை! இதன் வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

பெயர், பறக்கும் கண் மருத்துவமனை. நடத்துவது ஆர்பிஸ் என்ற தொண்டு நிறுவனம். 2024 நவம்பரில் இது வங்கதேசத்தின் சட்டோகிராமில், நமக்குப் பழகிய பெயரில் சிட்டகாங்கில், ஷா அமானத் விமான நிலையத்தில் வந்து நின்றது. 2017-லும் அதே ஊருக்கு வந்திருக்கிறது. உள்ளூர்க் கூட்டாளி, சிட்டகாங் கண் மருத்துவமனை மற்றும் பயிற்சி வளாகம். இரண்டு, மூன்று வாரம் நின்று, ஆபரேஷன் செய்து, பாடம் எடுத்து, மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்குக் கிளம்புவது இதன் வழக்கம். எத்தியோப்பியா, மங்கோலியா, பெரு, வியட்நாம், கேமரூன் என்று இது இறங்காத கண்டம் குறைவு. வாருங்கள், படியேறிப் பார்ப்போம். படி கொஞ்சம் உயரம்தான், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம், வண்டியை அண்ணாந்து பாருங்கள். எம்டி-10 ரகம். பிறப்பில் இது டிசி-10. அந்தக் காலத்து டிசி-10-ஐ ஓட்ட காக்பிட்டில் மூன்று பேர் வேண்டும். புதிய கருவிகள் வைத்து எம்டி-10 ஆக மாற்றியதும் இரண்டு பேர் போதும் என்றாகிவிட்டது. கொடுத்தது யார் தெரியுமா? ஃபெட்எக்ஸ் கூரியர் கம்பெனி! உலகமெல்லாம் பார்சல் சுமந்த வண்டி. பார்சல் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் இப்போது ஆஸ்பத்திரி அறைகள், அவையும் பெட்டி பெட்டியாகவே செய்து உள்ளே ஏற்றப்பட்டவை. நாளைக்கு ஒரு மிஷினை மாற்ற வேண்டுமானால் விமானத்தின் உடம்பில் கைவைக்காமல் அறையை மட்டும் கவனித்தால் போதும். என்ன மூளை! 2016 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் இதைத் திறந்துவைத்தார்கள். ஓட்டும் பைலட்டுகள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். தங்கள் லீவு நாளில் வந்து ஓட்டிக்கொடுப்பவர்கள்.

இதற்கு முன் இரண்டு அண்ணன்கள் உண்டு. மூத்தவர் டிசி-8, யுனைடெட் ஏர்லைன்ஸ் கொடுத்தது, 1982-ல் பனாமாவுக்கு முதல் பயணம் போனவர். இப்போது சீனாவில், பெய்ஜிங் பக்கத்து விமான அருங்காட்சியகத்தில் ஓய்வில் இருக்கிறார். அடுத்தவர் டிசி-10, அவர் இருப்பது அரிசோனா பாலைவனத்தில் இன்னொரு அருங்காட்சியகத்தில்.

உள்ளே வந்தாயிற்று. காக்பிட்டைத் தாண்டியதும் கண்ணில் படுவது வரிசை வரிசையாக இருக்கைகள். சாதாரண விமானம் மாதிரிதானே இருக்கிறது என்று சப்பென்று ஆகிவிட்டதா? பொறுங்கள். இது வகுப்பறை. 46 இருக்கைகள். பறக்கும்போது ஊழியர்கள் பெல்ட் போட்டுக்கொண்டு உட்காரும் இடம். நின்றதும் உள்ளூர் டாக்டர்கள் நோட்டுப் புத்தகத்தோடு உட்காரும் இடம். எதிரே பெரிய திரை. சுவருக்கு அப்பால் சில அடி தூரத்தில் நடக்கும் ஆபரேஷன் அந்தத் திரையில் நேரடியாக ஓடும், அதுவும் முப்பரிமாணத்தில்! டாக்டர்கள் எல்லாரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு, குழந்தையின் கண் ஒரு ஆள் உயரத்துக்குத் தங்கள் முன்னால் மிதப்பதைப் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் மைக்கை எடுத்து, கத்தி பிடித்திருப்பவரிடமே கேட்கலாம். அவர் கையை நிறுத்தாமல் பதில் சொல்வார். ஏன் அந்த இடத்தில் வெட்டினீர்கள், ஏன் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறக்கவில்லை... வாத்தியாரை இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்கிற பாக்கியம் எனக்கு எந்த வகுப்பிலும் கிடைத்ததில்லை.

விமானத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் தியேட்டரை நோக்கி ஓடுவார்கள். என்னைக் கேட்டால் இந்த வகுப்பறைதான் விமானத்தின் உயிர். இதை எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்று பார்த்தால் புரியும். 1970-களில் டேவிட் பேட்டன் என்ற அமெரிக்கக் கண் டாக்டர், ஏழை நாடுகளில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்வந்தவர், ஒரு சிக்கலைக் கவனித்தார். அங்குள்ள டாக்டர்கள் அமெரிக்கா வந்து கற்க வசதி இல்லை. கடன் வாங்கி வந்தாலும் லைசென்ஸ் சட்டம் அவர்களைக் கத்தியைத் தொட விடாது; வேடிக்கை பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். சரி, அவர்கள் வர முடியாவிட்டால் ஆஸ்பத்திரியே போகட்டும் என்றார். கோயிலுக்குள் வர முடியாதவர்களுக்காக உற்சவர் வீதிக்குப் புறப்பட்டு வருவார் இல்லையா, அதே ஏற்பாடு. மூலவர் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அசையாமல் இருப்பார். உற்சவருக்கு மட்டும் மூன்று ஜெட் இன்ஜின்.

அடுத்தடுத்து வீடியோ, கம்ப்யூட்டர் அறை. பரிசோதனையும் லேசர் சிகிச்சையும் நடக்கும் அறை. கண்ணாடிக்கு இப்பால் நின்று தியேட்டரைப் பார்க்கும் அறை. வேகமாகத் தாண்டிவிடுவோம், ஏனென்றால் எனக்குக் கரடியைப் பார்க்க அவசரம்.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குழந்தைகள் படுக்கும் அறையில்தான் கரடிகள் இருக்கின்றன. பொம்மைக் கரடி. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று. கரடியின் கண்ணில் ஒரு கட்டு! விளையாட்டுக்கு இல்லை. நாளைக்குத் தன் கண்ணில் என்ன ஒட்டப்போகிறார்கள் என்பதைக் குழந்தை இன்றைக்கே கரடியிடம் பார்த்துக்கொள்கிறது. பாஷை தெரியாத நர்ஸ், பயந்துபோன குழந்தை, அவர்களைவிடப் பயந்துபோன அம்மா. மூன்று பேருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் கரடிதான். கோடிக்கணக்கில் விலை போகும் மிஷின்கள் நிறைந்த இந்த விமானத்தில் என் ஓட்டு இந்தக் கரடிக்கே.

ஆனால் குழந்தைகள் பட்டினி. மயக்க மருந்து கொடுக்கும் முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். தாய்ப்பாலுக்குக்கூட நான்கு மணி நேரம் முன்னாலேயே தடை. அதனால்தான் அன்றைய ஆபரேஷன் பட்டியலில் ஆகச் சிறிய குழந்தைக்கு முதல் இடம். பசித்து அழும் குழந்தையை எத்தனை நேரம் கரடி சமாளிக்கும்?

இங்கேதான் குழந்தைகள் ஆபரேஷனின் முழுச் சூட்சுமமும் ஒளிந்திருக்கிறது. நம் தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்றால் கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்தால் போதும். அவர் விழித்தபடி படுத்திருப்பார், கொஞ்ச நேரத்தில் முடிந்து காபி குடிக்கப் போவார். மூன்று வயதுக் குழந்தையை ‘அசையாதே கண்ணு’ என்று சொல்லி நுண்ணோக்கிக்கு அடியில் படுக்கவைக்க முடியுமா? முழு மயக்கம் கொடுத்தே ஆகவேண்டும். அதற்குக் குழந்தைகளுக்கென்று பயிற்சி பெற்ற மயக்க மருத்துவர், குட்டிக் குழாய், குட்டி முகமூடி, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், எல்லாம் வேண்டும். கொரோனா வந்தபோது நம் வீட்டு மேஜை டிராயர் வரை வந்த அதே ஆக்சிமீட்டர்தான். 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, உலகத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன் தியேட்டர்களில் அதுகூட இல்லை என்று கணக்குச் சொன்னது. பிறகுதான் அதுல் கவாண்டே என்ற அறுவை மருத்துவர் ‘லைஃப்பாக்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி, அந்தக் கருவியை ஊர் ஊராகக் கொண்டுபோக ஆரம்பித்தார். ஏழை நாட்டில் ஒரு குழந்தையின் கண் ஆபரேஷன் தள்ளிப்போகிறது என்றால் பல சமயம் கண் டாக்டர் இல்லாததால் அல்ல, தூங்கவைத்து எழுப்பத் தெரிந்தவர் இல்லாததால்.

இப்போது தியேட்டர். கை கழுவி, தொப்பி போட்டு, செருப்பை மாற்றி... நாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிற்போம். குழந்தையின் கண் பெரியவர் கண்ணின் சின்னப் பிரதி என்று நினைத்திருந்தேன். இல்லவே இல்லை! பிறந்த குழந்தையின் கண்ணுருண்டை முன்னிருந்து பின்னாக சுமார் 17 மில்லிமீட்டர்; வளர்ந்த பிறகு 23, 24. புரையை எடுத்துவிட்டு இன்றைக்குப் பொருத்தும் லென்ஸ் இன்றைய கண்ணுக்குச் சரியாக இருந்தால் பத்து வருஷத்தில் தப்பாகிவிடும். அதனால் டாக்டர் வேண்டுமென்றே பவரைக் கொஞ்சம் குறைத்து வைத்து, வளர வளரக் கண் அதை எட்டிப்பிடிக்கும் என்று கணக்குப் போடுகிறார். அதுவரை மூக்குக்கண்ணாடி ஈடுகட்டும். இன்னொன்று: லென்ஸைத் தாங்கும் பின்புறச் சவ்வு, சிறு குழந்தைகளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஏறக்குறைய நிச்சயமாக மங்கிப்போகும். ஆகவே அதிலும் முன்கூட்டியே ஒரு துளை போட்டு, பின்னாலிருக்கும் ஜெல்லிலும் கொஞ்சம் எடுத்துவிட வேண்டும். பெரியவர்களுக்கு ஆயிரக்கணக்கில் புரை எடுத்த கைகூட இங்கே புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதனால்தான் நாற்காலி மாறும் அந்த நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கிறது. முதலில், வெளியிலிருந்து வந்த வாத்தியார் செய்வார், உள்ளூர் டாக்டர் நுண்ணோக்கியின் பக்கத்துக் குழலில் கண் வைத்துப் பார்ப்பார். பிறகு உள்ளூர் டாக்டர் நடு நாற்காலிக்கு வருவார், வாத்தியார் உதவியாளராகிவிடுவார். இதற்கு முன்பே அவர் செயற்கைக் கண்ணிலும் சிமுலேட்டரிலும் கை பழகியிருப்பார். டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் பக்கமும் பிரேக் இருக்கும். இங்கே அது கிடையாது. பக்கத்து அறையில் சக டாக்டர்கள் முப்பரிமாணத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த முதல் வெட்டைப் போட எத்தனை தைரியம் வேண்டும்!

யாரும் போட்டோ எடுக்காத ஒரு ஆள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூ டிரைவரோடு சுற்றும் மருத்துவக் கருவிப் பொறியாளர். விமானத்து மிஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலையில் பாதி. மீதிப் பாதி உள்ளூர் ஆஸ்பத்திரியின் டெக்னீஷியன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஏழை நாடுகளில் இருக்கும் மருத்துவக் கருவிகளில் சுமார் 40 சதவீதம் வேலை செய்யாமல் கிடக்கின்றன என்று 2011-ல் ஓர் ஆய்வு சொன்னது. பல மிஷின்கள் யாரோ தானமாகக் கொடுத்தவை. பல்பு எரிந்துபோயிருக்கும், கரன்ட் ஏற்ற இறக்கத்தில் ஃப்யூஸ் போயிருக்கும், கையேடு ஜெர்மன் மொழியில் இருக்கும். ரிப்பன் வெட்டி மிஷின் கொடுக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. ஃப்யூஸ் மாற்றத் தெரிந்த கைக்குத்தான் பஞ்சம்.

ஒரு நிமிடம் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன். கண் என்பது குழந்தைகள் அறுவை சிகிச்சை என்ற பெரிய விஷயத்தின் ஒரு மூலைதான். உலகத்தில் 170 கோடிக் குழந்தைகளுக்கு, தேவைப்பட்டால் பாதுகாப்பான, கட்டுப்படியாகிற அறுவை சிகிச்சை எட்டாத தூரத்தில் இருக்கிறது என்று 2019-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளைச் சேர்த்து 2021-ல் ‘லேன்செட்’ இதழில் ஒரு கணக்கு வந்தது. குடல் வயிற்றுக்கு வெளியே வந்தபடி பிறக்கும் குழந்தைகள், பணக்கார நாடுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் இறக்கிறார்கள். மிக ஏழை நாடுகளில் தொண்ணூறு பேர். ஒரே குறைபாடு, பிறந்த இடம்தான் வேறு.

சரி, விமானத்தை விட்டு இறங்குவோம். பின்னணி வேலையில் பெரும் பகுதி டார்மாக்கில் இல்லை, கிராமத்தில் இருக்கிறது. விமானத்துக்கு வந்த குழந்தையை முதலில் கண்டுபிடித்தது யார்? வங்கதேசத்தில் முகமது முஹித் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் இதற்கு ஒரு வழி வகுத்தார்கள். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பதை விட்டுவிட்டு, ஊரில் எல்லாரையும் தெரிந்தவர்களைப் பிடித்தார்கள்: ஆசிரியர்கள், இமாம்கள், சுகாதாரப் பணியாளர்கள். அவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, பார்வை குறைந்த குழந்தை யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டார்கள். கொட்டியது பட்டியல்! 2007-ல் வெளியான அவர்கள் ஆய்வில் 1,935 குழந்தைகள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குப் பார்வை போகக் காரணம் லென்ஸ் கோளாறு, பெரும்பாலும் கண்புரை. அதாவது ஆபரேஷன் செய்திருந்தால் பார்த்திருக்கக்கூடிய குழந்தைகள், யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள். நாட்டில் எத்தனை குழந்தைகள் பார்வையில்லாமல் இருக்கிறார்கள் என்பது பள்ளிவாசல் இமாமுக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் தெரிந்திருக்கிறது, சுகாதார அமைச்சகத்துக்குத் தெரியவில்லை. எல்லா நாட்டிலும் கதை இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கதையில் நம்ம ஊருக்கும் ஒரு வேடம் உண்டு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் நூறு டாலர் வாக்கில் விற்றது. ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகள் அதைக் கனவில்தான் பார்க்க முடியும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992-ல் ‘ஆரோலேப்’ என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, தாங்களே செய்து, விலையைப் பத்து டாலர் அளவுக்கு இழுத்துக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு இன்னும் இறங்கியது. இன்று மதுரை லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. எங்கோ ஒரு நாட்டில், மதுரை என்ற பெயரையே கேள்விப்படாத ஒருவர் மதுரை வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். விசில் அடிக்கத் தோன்றுகிறதா, இல்லையா?

கண் கட்டை அவிழ்க்கும் காட்சியை நான் எழுதப்போவதில்லை. அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள், படமும் எடுத்துவிட்டார்கள். அதற்கு அப்புறம் வருவதுதான் கஷ்டமான பகுதி, அதற்கு கேமரா வருவதில்லை. வெகுநாள் மங்கலாகவே பார்த்துப் பழகிய கண்ணை மூளை ஒதுக்கிவைத்திருக்கும். அந்தச் சோம்பேறிக் கண்ணை எழுப்ப, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைக்க வேண்டும். எந்தக் குழந்தை ஒத்துக்கொள்ளும்? மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கண்ணாடி மாற்ற வேண்டும். கண்ணழுத்தம் ஏறுகிறதா என்று ஆயுளுக்கும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் பஸ் கட்டணம், அம்மாவின் ஒரு நாள் கூலி. விமானம் அதற்குள் எத்தனையோ நாடு தாண்டிப் போயிருக்கும். அப்போது அந்தக் குழந்தைக்கு இருப்பது, வகுப்பறையின் 46 இருக்கைகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்த அந்த உள்ளூர் டாக்டர் மட்டும்தான்.

இவ்வளவு செலவில் ஒரு விமானம் எதற்கு, அந்தப் பணத்தை அங்கேயே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குப் பாதிச் சம்மதம். ஆர்பிஸே இப்போது தன் பாடங்களில் பெரும் பகுதியை விமானத்துக்கு வெளியே, உள்ளூர் ஆஸ்பத்திரிகளிலும் ‘சைபர்சைட்’ என்ற இணைய வழியிலும் நடத்துகிறது. சிக்கலான கேஸின் படத்தை அனுப்பினால் எங்கோ இருக்கும் நிபுணர் பதில் எழுதுகிறார். இந்தியாவில் அது செய்த உருப்படியான காரியமும் விமானம் சம்பந்தப்பட்டதல்ல. இங்குள்ள மருத்துவமனைகளோடு சேர்ந்து முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் கண் மையங்களை உருவாக்க உதவியதுதான். ஒரு கோடி மக்களுக்குக் குறைந்தது ஒரு குழந்தைகள் கண் மையம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அதை விமானத்தால் எட்ட முடியாது. ஆனால் மந்திரி வரவேண்டும், டிவி வரவேண்டும், பக்கத்து ஊர் டாக்டருக்கு ‘நானும் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று ஆசை வரவேண்டும் என்றால், விமானம் போல அழைக்கிற அழைப்பிதழ் வேறு எது? ஆகவே மீதிப் பாதி விமானத்தின் பக்கம்.

போவதற்கு முன் உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில், தெருவில், சொந்தத்தில் கைக்குழந்தை இருந்தால் கண்ணின் கருமணிக்கு நடுவே வெள்ளையாகத் தெரிகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலும் சரி, கண் ஒருபக்கமாகவே திரும்பியிருந்தாலும் சரி, ‘வளர்ந்தால் சரியாகும்’, ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ என்று சொல்லும் பெரியவர்களைக் கும்பிட்டுவிட்டு நேரே கண் டாக்டரிடம் தூக்கிப்போங்கள். அது புரையாக இருக்கலாம், அதைவிட அவசரமான கண் புற்றாகவும் இருக்கலாம். இரண்டு கண்ணிலும் பிறவிப் புரை என்றால் பிறந்து ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்வதுதான் நல்லது. நமக்கு விமானம் வரக் காத்திருக்கத் தேவையில்லை. போகிற தூரத்தில் டாக்டர் இருக்கிறார். தள்ளிப்போடாதீர்கள்.